மின்சாரம் இல்லாத நாட்களில் விறகடுப்புச் சமையல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இண்டக்சன் அடுப்பு முடங்கி, சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்து கேஸ் சிலிண்டரும் வராத அத்தகைய நாட்களில் விறகடுப்புதான் கைகொடுக்கும்.

சாய்ந்த தென்னை பச்சையாக இருப்பதால் உடனே எரியாது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன்பே காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி ஆகியவற்றையும் சவுக்கு விறகையும் நனையாத இடத்தில் சேர்த்து வையுங்கள். மேலே மட்டும் நனைந்த விறகைப் பிளந்தால் உட்பக்கம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வண்ணம் பூசிய பலகையும் பிளைவுட்டும் நச்சுப்புகை கக்குவதால் அவற்றை எரிக்கக் கூடாது.

மூன்று பக்கம் செங்கல் அடுக்கி ஒரு பக்கத்தை வாயாக விடுங்கள். வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருந்தால், புகை உங்கள் முகத்தில் அடிக்காமல் பின்புறமாகப் போகும். செங்கலின் மேல் மூன்று ஓட்டுச்சில்லுகளைக் குமிழ் போல வைத்து, அவற்றின்மீது பாத்திரத்தை ஏற்றுங்கள். இந்த விரற்கடை இடைவெளி இல்லாவிட்டால் தீ மூச்சடைத்துப் புகையத் தொடங்கும். பலரும் தவறுவது இங்கேதான்: புகை வந்ததும் மேலும் விறகைத் திணிக்கிறார்கள். மாறாக, ஒரு கட்டையை வெளியே இழுத்து, சாம்பலைத் தள்ளி, ஊதாங்குழலால் அடியில் ஊதினால் தீ தானாக எழும்பும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றவே வேண்டாம்.

பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈரமண்ணைப் பூசிவிட்டால் கரியைத் தேய்த்துக் கழுவுவது எளிது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள குக்கரையும் நான்ஸ்டிக் சட்டியையும் தவிர்த்து, அலுமினியப் பானையிலோ மண்சட்டியிலோ சமையுங்கள். தீ நன்றாக எரியும்போது முதலில் உலை வைத்துச் சோற்றை வடித்துவிட்டு, பிறகு குழம்பைக் கொதிக்கவிட்டு, தணல் மட்டும் மிஞ்சும்போது கீரையையோ அப்பளத்தையோ பார்த்துக்கொள்ளலாம். மிக்சி ஓடாது என்பதால் அம்மி இல்லாத வீட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்ட புளிக்குழம்பே வசதி.

மழைக்குப் பயந்து அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்; தணல் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, மூடிய அறையில் அது உயிரைப் பறித்துவிடும். இரண்டு பக்கமாவது திறந்த தாழ்வாரம் போதும். தீக்கருகில் நைலான் உடையைத் தவிர்த்துப் பருத்தியே அணியுங்கள். மோட்டார் ஓடாமல் குழாயில் தண்ணீர் வராது என்பதால், ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். சமைத்து முடிந்ததும் தணலைத் தண்ணீர் தெளித்து முழுவதும் அணைத்துவிடுங்கள்; அந்தக் கரியை உலர்த்தி வைத்தால் மறுநாளும் எரிக்கலாம்.