ரிவால்வரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தோப்புக் காவலுக்கெனத் துப்பாக்கி உரிமம் பெற்றிருப்போர், கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வரைக் கொடுத்துவிட்டு இஷாப்பூர் அரசு ஆலையின் ‘அஷானி’ பிஸ்டலுக்கு மாறலாமா என்று எண்ணும்போது, முதலில் தோட்டாவைப் பார்க்க வேண்டும். இரண்டையும் .32 என்றே அழைத்தாலும், ரிவால்வரின் தோட்டா 7.65×23 மி.மீ. (குண்டின் விட்டம் × உறையின் நீளம்), பிஸ்டலுடையது 7.65×17 மி.மீ.; கைவசம் மிச்சமிருக்கும் தோட்டா புதியதற்கு உதவாது.

அடுத்து, கையிலிருப்பதைச் சோதியுங்கள். தோட்டாக்களை முழுவதும் அகற்றி, இருமுறை சரிபார்த்து, குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, விசையை இறுதிவரை அழுத்திப் பிடித்தபடி தோட்டாக்கள் இடும் உருளையை விரலால் அசைத்தால், அது தளர்ந்து ஆடக் கூடாது. ஆடினால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பழுது நீங்கினால் மாற்ற வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. எடைதான் குறையென்றால், 2014-இல் வந்த டைட்டானியம் ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் 500 கிராம்தான், தோட்டாவும் மாறாது.

உரிமமுள்ள தனிநபருக்கு விற்பதாயின், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் உரிமம் கேரளத்துக்குள் மட்டும் செல்லுமெனில், கோவைக் கடையை நாடி வாளையாறு மாநில எல்லையைத் தாண்டும் முன் பாலக்காடு ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள்.