ஹாட்டி மெக்டேனியலை எந்தப் படத்தில் தொடங்கிப் பார்ப்பது

ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் என்று எங்கோ ஒரு வரி படித்துவிட்டு, அந்த விருதை வாங்கித் தந்த 'கான் வித் த விண்ட்' படத்தை எடுத்த எடுப்பில் போட்டு உட்காராதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் படம், அடிமைமுறையை ஏதோ அழகான பழைய காலம் மாதிரி காட்டுகிறது, அதில் அவருக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது, வெள்ளையர் வீட்டுக் கறுப்பினத் தாதியைக் கூப்பிடும் 'மேமி' என்ற சொல்தான் பெயர். பாதியிலேயே கோபம் வந்து நிறுத்திவிட்டேன். அந்தக் கோபம் தப்பில்லை, ஆனால் அதில் அவருடைய நடிப்பைக் கவனிக்கவே மறந்துவிட்டேன். அதனால் அந்தப் படத்தைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் அவர் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1893இல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தவர், 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவும் அம்மாவும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். டென்வரில் வளர்ந்து மேடையில் பாடி, நகைச்சுவை செய்து, 1920களில் ப்ளூஸ் என்ற கறுப்பின இசைவகையில் இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். 1929 பொருளாதாரச் சரிவில் மேடை வேலை போனது. மில்வாக்கியில் ஒரு கிளப்பில் கழிவறைப் பணியாளராக இருந்து, அங்கேயே பாட வாய்ப்புப் பெற்று, 1931இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். சினிமாவில் வேலை இல்லாத நாட்களில் நிஜமாகவே வீட்டுவேலை செய்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் திரையிலும் அநேகமாக எல்லாப் படத்திலும் அவருக்கு அதே வேலைக்காரி வேடம்தான்.

சரி, முதல் படம் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1935. நேரமில்லை என்றால் இரவு விருந்துக் காட்சி மட்டும் போதும். வசதியில்லாத ஒரு குடும்பம், மகளைப் பார்க்க வரும் பணக்கார இளைஞன் முன்னால் பகட்டு காட்ட ஒருநாள் மட்டும் ஒரு வேலைக்காரியை அமர்த்துகிறது. அந்த மலீனாதான் ஹாட்டி. புழுங்கித் தள்ளும் இரவு, மேசைக்கு வருவதோ சூடான சூப். வாயில் சூயிங்கம், தலையில் நேராக நிற்காத வெள்ளைத் தொப்பி, எதற்கும் அவசரப்படாத நடை. இந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாவது முறை, மகளாக நடிக்கும் கேதரின் ஹெப்பர்ன் படபடவென்று பேசிக்கொண்டே இருப்பார், அவரை விட்டுவிட்டு மலீனாவின் கண்ணையும் தோளையும் மட்டும் பின்தொடருங்கள். அந்த வீட்டின் பொய்யை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று புரியும். வசனமே இல்லாமல் அதைச் சொல்லிவிடுகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அடுத்து 'ஷோ போட்', 1936. இது அவருடைய குரலுக்காக. பால் ரோப்சனும் இவரும் கணவன் மனைவியாகச் செல்லச் சண்டை போட்டுப் பாடும் ஒரு பாட்டு இருக்கிறது, இந்தப் படத்துக்காகவே புதிதாக எழுதியது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதே படத்தில் ஒரு வெள்ளை நடிகை முகத்தில் கறுப்புப் பூசி ஆடும் பாட்டும் உண்டு. பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

அப்புறம் வரிசையை மீறி 1942க்குத் தாவுங்கள். 'இன் திஸ் அவர் லைஃப்' படத்தில் பெட்டி டேவிஸ் காரை ஏற்றிக் குழந்தையைக் கொன்றுவிட்டு, வக்கீலாக ஆசைப்படும் கறுப்பின இளைஞன் மேல் பழி போடுகிறார். அந்த இளைஞனின் அம்மா ஹாட்டி. மகன் அன்று இரவு வீட்டில்தான் இருந்தான் என்று அவர் தணிந்த குரலில் சொல்லும் இடத்தில் சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இவர் இன்னும் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

இப்போது 'கான் வித் த விண்ட்' போடலாம். கடைசிப் பகுதியின் படிக்கட்டுக் காட்சிக்குக் காத்திருங்கள். குழந்தை இறந்துபோன வீட்டில், கதாநாயகியின் நாத்தனார் மெலனியை மாடிக்கு அழைத்துப் போய்க்கொண்டே நடந்ததையெல்லாம் அழுதபடி சொல்வார். ஒரு கையால் கண்ணைத் துடைப்பார், படி ஏறுவது மட்டும் நிற்காது. சப்டைட்டிலோடு ஒருமுறை பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். எழுத்தைப் படிப்பதில் அந்தக் குரல் உடையும் இடங்கள் தப்பிவிடுகின்றன.

படங்களை முடித்த பிறகு திரைக்கு வெளியே நடந்ததைப் படியுங்கள். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த 'கான் வித் த விண்ட்' முதல் காட்சிக்கு, நிறவெறிச் சட்டங்களால் அவரால் போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் விழா நடந்த ஹோட்டலில் அவருக்குப் படக்குழுவோடு இடம் தரவில்லை, தனியாக ஒரு சின்ன மேசை. துணை நடிகர்களுக்கு அன்று சிலை கிடையாது, ஒரு விருதுப் பலகைதான். அதை வாங்கிக்கொண்டு அவர் பேசிய ஒரு நிமிட உரை படச்சுருளில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கறுப்பினத்தவர் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் ஒயிட், இத்தகைய வேடங்கள் எங்களை இழிவுபடுத்துகின்றன என்றார். வாரம் 7 டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட 700 டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பேன் என்பது ஹாட்டி சொன்னதாகப் பலரும் எடுத்துச் சொல்லும் பதில். இதில் ஒரு பக்கத்தை உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதே ஹாட்டிதான், கறுப்பினத்தவர் இங்கே வீடு வைத்திருக்கக் கூடாது என்று 1945இல் வெள்ளை அண்டைவீட்டார் நீதிமன்றம் போனபோது, தெருக்காரர்களைத் திரட்டி வழக்கில் ஜெயித்தவர்.

1952இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தான் ஆசைப்பட்ட ஹாலிவுட் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டு, ரோஸ்டேல் கல்லறையில் அடக்கமானார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற அந்த ஆஸ்கர் பலகை காணாமல் போய், 2023இல்தான் அதற்கு மாற்று கொடுத்தார்கள்.