டெக்சாஸ் கவுண்டி ஜெயிலில் வேலைக்குச் சேர்வது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் பிரிசன் வேறு, ஜெயில் வேறு. பிரிசனில் இருப்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். பலர் ஜாமீன் கட்டப் பணம் இல்லாததால் உள்ளே இருப்பவர்கள். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஜெயிலுக்குப் பொறுப்பு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப். அவருக்குக் கீழே கடைநிலையில் சேர்பவருக்கு அங்கே ‘ஜெய்லர்’ என்று பெயர். நம் ஊரில் சிறைக் காவலர் பார்க்கும் வேலைதான்.

இந்த வேலையில் உடல் பலத்துக்குப் பெரிய இடம் இல்லை. சுற்றி வருவது, பார்ப்பது, எழுதுவது. இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் போதும்.

படி 1: விண்ணப்பம்

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஹைஸ்கூல் டிப்ளமோ அல்லது அதற்கு இணையான ஜிஇடி தேர்வுச் சான்று வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக வாய்ப்பில்லை, குடியுரிமை கேட்பார்கள். கைரேகை, பின்னணி விசாரணை, மனநலப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை எல்லாம் உண்டு. பழைய டிராஃபிக் டிக்கெட்டையோ பாதியில் விட்ட வேலையையோ மறைக்காதீர்கள். விசாரிப்பவர் அதை எப்படியும் கண்டுபிடிப்பார். அப்போது டிக்கெட்டை மன்னித்துவிடுவார், பொய்யை மன்னிக்க மாட்டார்.

படி 2: உரிமம்

பயிற்சி முடித்த பிறகுதான் வேலை என்று இல்லை. தற்காலிக ஜெய்லர் உரிமத்தோடு வேலையைத் தொடங்கலாம். ஆனால் 12 மாதங்களுக்குள் அடிப்படைப் பயிற்சியை முடித்து, மாநில ஆணையத்தின் தேர்வில் 70 மதிப்பெண்ணாவது எடுத்தாக வேண்டும். பல கவுண்டிகளில் 12 மணி நேர ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை, அதனால் கடைசி மாதம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: புக்கிங்

ஆளை உள்ளே சேர்க்கும் இடம் இது. கைரேகை, போட்டோ, உடைமைகளின் பட்டியல் என்று நிறைய வேலை இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது தற்கொலை எண்ணம், உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்கும் படிவம். கூட்டம் அதிகமான வெள்ளிக்கிழமை இரவில், தலையை நிமிர்த்தாமலே ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டு போகத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

2015 ஜூலை 10-ஆம் தேதி வாலர் கவுண்டியில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண் போக்குவரத்துச் சோதனை ஒன்றில் கைதானார். வெளியே வர 500 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 13-ஆம் தேதி காலை செல்லில் இறந்து கிடந்தார். முன்பு தற்கொலைக்கு முயன்றது பற்றி அவருடைய சேர்க்கைப் படிவங்களில் தகவல் இருந்தது. கைதிகளை மணிக்கு ஒருமுறை நேரில் பார்க்கவில்லை என்று மாநில ஆய்வாளர்கள் அந்த ஜெயில்மீது குறை எழுதினார்கள். 2017-இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது.

ஆகவே கேள்வியைக் கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். மனநலச் சிக்கல் இருப்பதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்தால் 12 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பங்கு, உடனே சார்ஜென்ட்டிடமும் நர்ஸிடமும் சொல்வது.

படி 4: ரவுண்டு

மாநில விதிப்படி ஒவ்வொரு கைதியையும் 60 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை அபாயம், மனநோய், அடிதடிச் சுபாவம் உள்ளவர்கள் இருக்கும் பகுதியில் 30 நிமிடம். 48 கைதிகளுக்கு ஒரு அதிகாரியாவது இருக்க வேண்டும் என்பதும் விதி. மணிக்கு ஒருமுறை என்றாலும் கடிகார முள்போலப் போகாதீர்கள். 40 நிமிடத்தில் ஒருமுறை, 52 நிமிடத்தில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் போங்கள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கணக்குப் போட உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

பார்ப்பது என்றால் தோலைப் பார்க்க வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும். போர்வைக்குள் இருப்பது ஆளா, சுருட்டி வைத்த துணியா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரியாது. மார்பு ஏறி இறங்குவது தெரியும்வரை நில்லுங்கள். தெரியவில்லையா, கதவைத் தட்டுங்கள், எழுப்புங்கள். திட்டுவார், பரவாயில்லை. பதில் இல்லையென்றால் முதலில் ரேடியோ. தனியாகக் கதவைத் திறந்துகொண்டு ஓடாதீர்கள். மயக்கம்போல நடிப்பவர்களும் உண்டு.

படி 5: லாக் (பதிவேடு) எழுதுவது

‘எல்லாம் சரி’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள் (டேங்க் என்பது பல கைதிகள் சேர்ந்திருக்கும் பகுதி): “02:14, சி டேங்க், 23 பேர். செல் 4-இல் இருப்பவர் வாந்தி எடுத்தார், வயிற்று வலி என்றார். 02:16 நர்ஸுக்குத் தகவல். 02:25 நர்ஸ் வந்தார்.”

போகாத ரவுண்டைப் போனதாக எழுதுவது அரசு ஆவணத்தில் மோசடி. அதற்குக் கிரிமினல் வழக்கே வரும். அபாயத்தில் இருப்பவர்களின் செல்களில் சென்சாரோ கேமராவோ வைக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. நீங்கள் எழுதிய நேரத்தையும் அதையும் யாராவது ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு ரவுண்டு தவறிப்போனால் தவறியது என்றே எழுதுங்கள், காரணத்தோடு.

படி 6: சின்னச் சின்ன உதவிகள்

புது ஆள் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். “பழைய ஆபீசர் கூடுதலாக ஒரு சாப்பாட்டு ட்ரே தருவாரே” என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு பேனா, அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரே ஒரு போன். மூன்றாவது உதவிக்கு மறுத்தால், முதல் இரண்டையும் சார்ஜென்ட்டிடம் சொல்லிவிடுவேன் என்பார்கள். “விசாரித்துச் சொல்கிறேன்” என்பது நல்ல பதில். விசாரித்து, உண்மையிலேயே திரும்பிப் போய்ச் சொல்லவும் வேண்டும். முடியாது என்றாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவரைக் கைதிகள் மதிப்பார்கள், கத்துபவரை மதிப்பதில்லை.

பெயர் சொல்லி, ‘மிஸ்டர்’ சேர்த்துக் கூப்பிடுங்கள். தீர்ப்பு வராதவரைத் தண்டிக்கக் கூடாது என்பது 1979-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயம் அது. அதோடு, மரியாதையாகப் பேசுகிற டேங்க்கில் சண்டையும் குறைவு.

படி 7: ஷிஃப்ட் மாற்றம்

அடுத்து வருபவரோடு சேர்ந்தே தலை எண்ணுங்கள். சாவிக் கொத்தை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். யார் சாப்பிடவில்லை, யாருக்கு இன்று கோர்ட்டில் கெட்ட செய்தி, யார் போன் பேசிவிட்டு அழுதார் என்பதை வாயாலும் சொல்லுங்கள், லாகிலும் எழுதுங்கள். அதைச் சொல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.