ஏற்காட்டு காட்டேஜ்களில் சோலார்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

ஏற்காட்டில் காட்டேஜோ ரிசார்ட்டோ நடத்துபவருக்குக் கரண்ட் பில் ஏறியதும் கூரையில் பேனல் போடத்தான் முதலில் தோன்றும். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. கீழே சேலத்தில் ஏசி இழுக்கும் கரண்டை, 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் வெந்நீர் இழுக்கிறது. அதனால் முதலில் போட வேண்டியது வெந்நீர்க் கணக்கு.

பத்து அறை, இருபது விருந்தினர். ஆளுக்கு எட்டு நிமிடக் குளியல். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் அகல ஷவர் என்றால் ஒருவருக்கு 120 லிட்டர். குழாய்த் தண்ணீர் 18 டிகிரி, குளிக்க 40 டிகிரி, தொட்டியில் 60 டிகிரி என்று வைத்தால், கலக்கும் பச்சைத் தண்ணீர் போக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,260 லிட்டர் வெந்நீர் வேண்டும். அதைக் கீசரில் சூடாக்க 61 யூனிட் ஆகும். ஷவர் தலையை மட்டும் நிமிடத்துக்கு 8 லிட்டர் விடுவதாக மாற்றினால் 670 லிட்டரும் 33 யூனிட்டும் போதும். லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் இது இரட்டை லாபம். ஷவரை மாற்றாமல் சோலார் ஹீட்டருக்கு விலை கேட்டால், தேவையைப் போல் இரு மடங்கு பெரிய ஹீட்டரைத்தான் வாங்க நேரும்.

மே மாதத்தில் நிழல் பார்ப்பது

இது அதிகம் கவனிக்கப்படாத தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடம் பார்க்க ஆட்கள் வருவது பெரும்பாலும் சீசன் நேரத்தில். ஏற்காடு 11.8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சியில் நிற்கும் சூரியன், அதன்பின் ஏறத்தாழ ஆகஸ்ட் 22 வரை நண்பகலில் நமக்கு வடக்கே இருக்கும். கூரைக்குத் தெற்கே நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் நிழல் அப்போது கூரைப் பக்கமே வராது. ‘நல்ல வெயில்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

டிசம்பரில் கதை வேறு. 20 மீட்டர் மரத்தின் நிழல் நண்பகலிலேயே 14 மீட்டர் வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கு வடமேற்காக 30 மீட்டருக்கு மேல் போகும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதமும் அதுதான். அதோடு பனிமூட்டமும் சேர்ந்தால் அன்றைக்கு வெந்நீர் கிடைக்காது. எனவே மே மாதத்தில் பார்த்தாலும் டிசம்பர் நிழலைக் கணக்கிட்டே இடம் முடிவு செய்யுங்கள். மிளகுக்கொடி ஏறிய மரத்தை, காபிக்கு நிழல் தரும் மரத்தை, பேனலுக்காக வெட்ட நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது. ஹீட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்திருப்பதால் வாட்டர் ஹீட்டரின் சாய்வு தெற்கு நோக்கி 25 முதல் 30 டிகிரி வரை இருப்பது நல்லது. மின்சார பேனலுக்கு 10 முதல் 15 டிகிரி போதும். அதற்கும் தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும்.

காயிலை ஆன் செய்து விட்டுவிடுவது

சோலார் தொட்டியில் மழை நாளுக்கென்று ஒரு மின் காயில் இருக்கும். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் குளித்து முடித்ததும், உள்ளே வந்த பச்சைத் தண்ணீரைக் காயில் சூடாக்கத் தொடங்கும். விடியும்போது தொட்டி ஏற்கெனவே கொதித்திருக்கும். வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. சோலார் வைத்தும் பில் குறையவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். டைமர் வைத்து, காலைக் குளியலுக்குப் போதுமான அளவு மட்டும், அதிகாலை நான்கு மணிக்கு மேல் காயில் ஓடும்படி செய்யுங்கள். அறைகள் காலியான வார நாட்களில் அதையும் அணைத்துவிடலாம். நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்த தண்ணீரில் கிருமி வளரும். விருந்தினர் வருவதற்கு முன் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றியாக வேண்டும்.

காயிலுக்குப் பதில், காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் ஆகும். ஆனால் அதை மூடிய ஸ்டோர் ரூமில் வைத்தால், தானே குளிராக்கிய காற்றைத் தானே இழுத்துத் திணறும். காற்றோட்டமான இடம் வேண்டும். குளிர் மாதங்களில் அதன் திறன் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்

சரிவில் ஏறி இறங்கும் இடத்தில் தொட்டிக்கும் கடைசி காட்டேஜுக்கும் 30 மீட்டர் இருந்தால், ஒரு அங்குலக் குழாயிலேயே 15 லிட்டர் நிற்கும். வெந்நீர் வரும்வரை விருந்தினர் அதைச் சாக்கடையில் விடுகிறார். 13 மில்லிமீட்டர் ரப்பர் நுரை உறை போட்டு, வெளியே தெரியும் இடத்தில் அலுமினியத் தகடு சுற்றுங்கள். தகடில்லாத நுரை வெயிலில் வெடித்து உதிரும். வெள்ளை பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகும், சூடு தாங்கும் சிபிவிசிதான் வேண்டும். சோலார் ஹீட்டரின் கண்ணாடி ட்யூப்கள் மேல் குரங்குகள் ஏறும். அதற்குக் கம்பி வலை, கையிருப்பில் நான்கைந்து ட்யூப்.

அதன்பிறகு பேனல்

ஒரு கிலோவாட்டுக்கு நிழலில்லாத 100 சதுர அடி வேண்டும். மரக்கிளை விழுந்து கரண்ட் போகும் ஊரில் மின்வாரிய லைனோடு இணைந்தே ஓடும், பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் வாங்கினால், கரண்ட் போன அதே நொடியில் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகையைக் கேளுங்கள். ஜெனரேட்டரோடு சோலாரையும் ஓட்டினால் இடையில் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று அவசியம். இல்லாவிட்டால் நண்பகலில் ஜெனரேட்டர் மீதான பளு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, எரியாத டீசல் கரியாகப் படியும். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் மானியம், அதாவது 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் இருந்தால் 78,000 ரூபாய், வீட்டு இணைப்புக்கு மட்டும். அதை நம்பி ரிசார்ட்டுக்குக் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக எர்த்திங். மலையில் இடி அதிகம், மண்ணுக்கடியில் பாறை. மழை பெய்த மறுநாள் அளந்தால் எர்த்தின் மின்தடை அழகாகக் குறைந்து காட்டும். மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்து கிடக்கும்போது அளந்து, 5 ஓமுக்கு மேல் காட்டினால் இன்னொரு குழி தோண்டி, இரண்டையும் செம்புப் பட்டையால் இணையுங்கள்.