கிரீட்மூர் ரைபிள் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், கிரீட்மூர் மைதானத்தில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் மோதின. அணிக்கு 6 பேர். 800, 900, 1000 கெஜம் என ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டுகள். அயர்லாந்துக்காரர்கள் குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்திருந்தார்கள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட குண்டு நடுப்புள்ளியில் பாய்ந்தது, ஆனால் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில். 4 புள்ளி போயிற்று. முடிவு 934க்கு 931. அமெரிக்கா ஜெயித்தது.

இப்படிப்பட்ட நெடுந்தூரப் போட்டிகளுக்காகச் செய்த ரைபிள்களுக்கே பிறகு கிரீட்மூர் ரைபிள் என்று பெயர். அந்த ஒரு நாளால்தான் இன்றைக்கும் 'கிரீட்மூர்' என்ற சொல்லைக் கேட்டதும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. தவறுகளும் அந்த வேகத்தில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, கதையை நம்பிப் பணம் கொடுப்பது. "இது அந்த 1874 போட்டியிலேயே சுட்டது" என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரும்பில் இருக்கும் எழுத்து வேறு சொல்லும். ரெமிங்டன்-ஹெப்பர்ன் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெப்பர்ன் அந்த அமெரிக்க அணியில் சுட்டவர்தான், ரெமிங்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். ஆனால் அவர் பெயரிலுள்ள ரைபிளின் காப்புரிமையே 1879 அக்டோபரில் வாங்கியது. ஷார்ப்ஸ் கம்பெனி ஹார்ட்ஃபோர்டிலிருந்து பிரிட்ஜ்போர்ட்டுக்கு மாறியது 1876இல். குழலில் பிரிட்ஜ்போர்ட் என்றிருந்தால், அந்தக் குழல் 1874இல் கிரீட்மூரைப் பார்த்திருக்க வழியே இல்லை.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. ரோலிங் பிளாக் என்ற, பின்பக்கம் தோட்டா போடும் ரெமிங்டன் ரைபிள்களில் 1864, 1866 என்று தேதிகள் வெட்டியிருக்கும். அவை காப்புரிமைத் தேதிகள். அதையே தயாரித்த ஆண்டு என்று எண்ணி, பத்து வருடம் கூடுதல் வயசுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, நீளமான பழைய ரைபிளையெல்லாம் கிரீட்மூர் என்று எடுத்துக்கொள்வது. அந்தப் போட்டிகளுக்குக் கறாரான விதிகள் இருந்தன: எடை 10 பவுண்டைத் தாண்டக் கூடாது, விசையை இழுக்க 3 பவுண்டு அழுத்தமாவது வேண்டும், தொலைநோக்கி கூடாது. அதனால் தராசு ஒன்றை எடுத்துப் போவது நல்லது. 13, 14 பவுண்டு இருந்தால் அது பெரும்பாலும் காட்டெருமை வேட்டைக்குச் செய்த துப்பாக்கி. இரட்டை விசை இருந்தாலும் சந்தேகப்படுங்கள், ஒன்றை இழுத்து வைத்தால் மற்றது லேசாகத் தொட்டாலே சுட்டுவிடும். அவையும் நல்ல துப்பாக்கிகள்தான், ஆனால் வேறு சாதி, வேறு விலை.

இனி, என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி: குறி பார்க்கும் சைட். கைப்பிடி மரத்தின் மேல் மடக்கி வைக்கும் ஒரு மெல்லிய சட்டம், அதில் பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்தோமே, அதே வெர்னியர் அளவுகோல். நுண்ணிய திருகைச் சுற்றினால் கண் வைக்கும் துளை மயிரிழை அளவு ஏறும், இறங்கும். குழல் முனையில் காற்றுக்கு ஏற்ப இடம் வலம் நகர்த்தும் முன் சைட், அதன் அடியில் குட்டி ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் அதே குமிழிதான், அரிசி நீளத்தில். ரைபிள் சாயாமல் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

இவை கழற்றக்கூடியவை என்பதால் நூற்றைம்பது வருடத்தில் பல ரைபிள்களில் தொலைந்துவிட்டன. இன்று அச்சு அசலாகப் புதிதாகவும் செய்கிறார்கள். சைட் அசலா என்று பார்க்காமல் வாங்கினால் விலையில் பெரும்பகுதி வீண். அதோடு, பின்கட்டையின் குதிகால் பக்கம் இரண்டு திருகுத் துளைகள் இருந்தால் 'யாரோ கெடுத்துவிட்டார்கள்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பலர் மல்லாந்து படுத்துக் காலின் மேல் குழலைச் சாய்த்துச் சுட்டார்கள். அப்படிச் சுடும்போது கண் கட்டையின் கடைசிக்குப் போகும் என்பதால் சைட்டையும் அங்கே மாட்ட ஒரு அடித்தளம் வைத்தார்கள். அந்தத் துளைகள் சில சமயம் நல்ல சான்று.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை தயாரானது பழம்பொருள். இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே பழமை மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தரும். கிரீட்மூர் ரைபிள் சுடும். பணம் கட்டுவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் கொடுமை, உப்புத்தாள். பழுப்பேறிய இரும்பைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசை. தேய்த்தால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகுத் துளையைச் சுற்றிக் குழி விழும், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் தாழும். புதிதாக நீலப்பூச்சு போட்டால் இன்னும் மோசம். போன மேற்பரப்பை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். திருகைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

சுட்டுப் பார்க்கும் ஆசையும் வரும். இவை கரிமருந்துக்காகச் செய்த இரும்பு. உள்ளே நுழைகிறது என்பதற்காக இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் துப்பாக்கியும் போகலாம், கண்ணும் போகலாம். பழைய துப்பாக்கிகள் தெரிந்த கம்மியர் பார்த்துச் சொல்லும் வரை பொறுங்கள்.

அப்புறம் வைக்கும் விதம். தோல் உறைக்குள் போட்டு மூடிவிட்டால் தோல் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும். எண்ணெயைத் தாராளமாக விட்டுக் குழல் மேலே பார்க்க நிறுத்தினால், எண்ணெய் மெல்ல வடிந்து கைப்பிடி மரத்தில் ஊறும். சில வருடத்தில் மரம் கறுத்து, நகம் பதியும் அளவுக்கு மெத்தென்றாகிவிடும். வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி, ஒரு துணித் துண்டின் மேல் நிறுத்துங்கள்.