நோட்டுக்கு நிழல் பார்த்து உட்காருங்கள்

நீர்வண்ண நோட்டும் கையுமாக ஸ்பாட் ஸ்கெட்ச், அதாவது இடத்திலேயே உட்கார்ந்து பார்த்து வரைவது, போடக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஞாயிறு காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு சுற்று வந்தாலே கடை வாசலில், திண்ணையில் என்று நாலைந்து பேரைப் பார்த்துவிடலாம். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் செட் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கரையும் பேனாவால் கோடு போட்டு அதன்மேல் வண்ணம் பூசுவது, ஈரம் காயுமுன் நோட்டை மூடுவது, கை துடைக்கத் துணி எடுக்காமல் வருவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானே புத்தி வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காட்சியைப் பார்த்து இடம் பிடிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புதிதாக வருகிறவர் முதலில் நல்ல கோணம் தேடுகிறார். கிடைத்ததும் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். தாளின் மேல் என்ன வெளிச்சம் விழுகிறது என்று பார்ப்பதே இல்லை.

நேர் வெயிலில் விரித்த வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும். அந்தக் கூச்சத்தில் எந்த வண்ணமும் வெளிறித்தான் தெரியும். போதவில்லை, போதவில்லை என்று மேலே மேலே அடர்த்தி ஏற்றுவோம். வீட்டுக்கு வந்து டியூப்லைட்டுக்குக் கீழே பிரித்தால் படம் இருண்டு கிடக்கும். நீர்வண்ணம் காய்ந்ததும் ஒரு படி வெளிறும், அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் தூக்கலாகப் பூச வேண்டும். வெயிலில் கண் கூசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

அடுத்தது காய்கிற வேகம். வானத்துக்கு வாஷ் போடுகிறீர்கள், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரவலாக ஒரே சீராகப் பூசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை லேசாகச் சாய்த்துப் பிடித்தால், பூசிய வண்ணத்தின் கீழ் ஓரத்தில் தண்ணீர் திரண்டு நிற்கும். அடுத்த பிரஷ் அந்தத் திரட்சியைத் தொட்டு இழுத்துக்கொண்டே கீழே வர வேண்டும். மே மாத வெயிலில், பாலெட்டில் தோய்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த ஓரம் காய்ந்து கோடாகிவிடும். பதறிப்போய் ஈரப் பிரஷால் கோட்டைத் தேய்ப்பார்கள். பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்து காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட கறை பூக்கும். அப்புறம், ‘என் கைக்கு வாஷே வரமாட்டேங்குது’ என்று புலம்பல். கை என்ன செய்யும்?

சரி, நிழல் என்றால் எந்த நிழலும் ஆகுமா? அதுவும் இல்லை. சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் அப்போது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால், துறைமுகத்தில் எல்லாப் படகும் கட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, படகு நகராது. எங்களோடு புதிதாக வந்த பையன் ஒருவன், நூறு சதவீதப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் கனத்தில் நோட்டு, அன்றுதான் பிரித்தது, அதை எடுத்துக்கொண்டு ஒரு டீக்கடையின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்தான். “தம்பி, அங்கே வேண்டாம், இந்தச் சுவரோரம் வா” என்றேன். “நிழல்தானேண்ணா, குளுகுளுன்னு இருக்கு” என்று அசையவில்லை.

முடித்துவிட்டு வெளிச்சத்துக்கு எடுத்து வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடல் சேறாகியிருந்தது. படகின் வெள்ளை கேபினில் நிழலென்று பூசியது ஆரஞ்சாகப் பல்லிளித்தது. நீலத் தார்ப்பாய் வழியாக வந்த ஒளியில் தாளே நீலம் பூத்திருக்கிறது. கண் அதற்குப் பழகிப்போய் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொண்டது. எதிரே வெயிலில் நிற்கும் படகின் வண்ணம் தாளில் வரவில்லையே என்று மஞ்சளையும் காவியையும் குழைத்துக் குழைத்துப் பூசியிருக்கிறான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வண்ணம் மட்டம் என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் பழையதைப்போல மூன்று மடங்கு விலையில் புதுப் பெட்டி வாங்கி வந்தான். தார்ப்பாய்க்கு அடியில் எந்தக் கம்பெனி வண்ணமும் அப்படித்தான் காட்டும் என்று யார் சொல்லியும் ஏறவில்லை. சிவப்புக் குடை, பச்சை ஷாமியானா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆகவே, வரையும் பொருள் வெயிலில் இருக்கலாம், நோட்டு நிறமில்லாத நிழலில் இருக்க வேண்டும். முதலில் நிழலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து என்ன தெரிகிறதோ அதை வரையுங்கள். சுவர் நிழல் உத்தமம். புங்கமரத்தடி மனதுக்கு இதம்தான், ஆனால் இலை இடுக்கு வழியாகத் தாளில் விழும் வெயில் புள்ளிகள் காற்றில் ஆடிக்கொண்டே உயிரை வாங்கும். குடைதான் வழி என்றால் பழைய கறுப்புக் குடை போதும், அது எந்த நிறத்தையும் ஏற்றாது. ஒன்றுமே இல்லாத வெட்டவெளியா, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உங்கள் நிழலிலேயே நோட்டை வையுங்கள்.

இன்னொன்று. சுவருக்கு வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். அந்த மாதங்களில் காலையில் சுவரின் மேற்குப் பக்கம் உட்கார்ந்து, பதினொன்றுக்குள் மூட்டை கட்டிவிடுவது நல்லது.

நிழலைக் கடைசிக்கு வைப்பது

சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகர்ந்துவிடும். பென்சிலால் ஜன்னல் கம்பி வரைக்கும் போட்டு முடித்து நிமிர்ந்தால், நீங்கள் பார்த்த நிழல் அங்கே இருக்காது. அதனால் இடதுபுற வீட்டுக்கு எட்டு மணி நிழல், வலதுபுற வீட்டுக்குப் பத்து மணி நிழல் என்று ஒரே தெருவில் இரண்டு சூரியன் காய்கிற படங்களை நிறையப் பார்த்தாயிற்று. உட்கார்ந்ததும் நிழலின் எல்லையைப் பென்சிலால் மெல்லக் குறித்துவிடுங்கள். பிறகு நிஜ நிழல் எங்கே போனாலும் அதை மதிக்காதீர்கள்.

கோபுரத்தில் பொம்மை எண்ணுவது

கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி. அதன் சுதைச் சிற்பங்களை உள்ளங்கை அகல நோட்டில் ஒவ்வொன்றாக வரைய உட்கார்ந்தால் இரண்டாம் நிலைக்கு வரும்போது வெறுத்துப்போகும். முதலில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெயில் படும் பக்கம், படாத பக்கம், நிலைகளுக்கு இடையே ஓடும் இருட்டுப் பட்டைகள், அவ்வளவுதான் தெரியும். அதைப் பிடித்துவிட்டு மேலே நாலு இடத்தில் பிரஷ் நுனியால் தொட்டால் மீதியைப் பார்க்கிறவர் கண்ணே இட்டு நிரப்பிக்கொள்ளும். கிழக்குப் பார்த்த கோபுரத்துக்கு விடிகாலையில் வெயில் முகத்திலேயே விழும், எல்லாம் சப்பையாகத் தெரியும். கொஞ்சம் வெயில் ஏறி, சாய்வாக விழுகிற வரை பக்கத்தில் காபி குடிக்கலாம்.

24 வண்ணப் பெட்டி

எட்டு போதும்.

கடல் தண்ணீரில் பிரஷ் நனைப்பது

மெரினாவில் இதையும் பார்த்தேன். உப்பு தாளிலேயே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கூச்சப்படுவது

கூட்டம் சேரும், தவிர்க்க முடியாது. “இது எதுக்கு சார், கார்ப்பரேஷன்லேர்ந்தா?” என்று கேட்பார்கள். “என்னை வரைங்க” என்று ஒரு சிறுவன் முன்னால் வந்து நிற்பான். கூச்சத்தில் அவசர அவசரமாக முடித்து ஓடுகிறவர்கள் ஒன்றை இழக்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் நோட்டை எட்டிப் பார்த்து, “அணியம் இன்னும் தூக்கலா இருக்கணும், இப்படி இருந்தா அலை உள்ளே வந்துரும்” என்றார். படகின் முகப்பைப் பற்றி எந்த வகுப்பிலும் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை.

மழைக்காலத்தில் நோட்டைப் பூட்டி வைப்பது

நீர்வண்ணத் தாளில் பசைப்பூச்சு ஒன்று உண்டு. வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் மேலே தாங்கிப் பிடிப்பது அதுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிய அலமாரியில் கிடந்தால் பூஞ்சை பிடித்து அந்தப் பூச்சு அங்கங்கே செத்துப்போகும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வாஷ் போட்டதும்தான் அம்மைத் தழும்பு மாதிரி அடர்ந்த புள்ளிகள் கிளம்பும். அதன்பின் அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற வழியில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். தள்ளுபடி என்று பத்து நோட்டு வாங்கி அடுக்காமல் தீரத் தீர வாங்குங்கள்.

பிடிக்காத பக்கத்தைக் கிழிப்பது

தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் தளர்ந்து கையோடு வந்துவிடும். அந்தத் தாளில் நல்ல படம் இருந்திருக்கலாம்.