மூக்குப்பொடிக் குப்பிகள்: முதல் குப்பி வாங்கும்வரை

சீனத்து மூக்குப்பொடிக் குப்பிகளைச் சேகரிக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, 'எதை வாங்கலாம்?' என்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரமே இருக்கும் இந்தப் பொருள் கையில் வைத்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. படத்தில் பளபளக்கும் குப்பி கையில் எடுத்தால் கனத்து மந்தமாக இருக்கலாம். படத்தில் வெறுமையாகத் தெரிந்த ஒன்றை விரல்கள் கீழே வைக்க மறுக்கலாம். அதனால் கீழே சொல்லும் படிகளில் பணம் கடைசியில்தான் வருகிறது.

பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்குப்பொடி புகையிலைதான். அதில் நிகோடின் இருக்கிறது, அது ஆளைப் பிடித்துக்கொள்ளும், உடலுக்கும் கேடு. குப்பியை ரசிக்கப் பொடி போட வேண்டிய தேவையே இல்லை. நான் போடுவதில்லை.

படி 1: காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பியர்கள் பொடியைச் சிறு பெட்டிகளில் வைத்திருந்தார்கள். அவர்கள் வழியாகச் சீனாவுக்கு வந்த பொடி, அங்கே குப்பிக்குள் புகுந்தது. பெட்டியில் ஈரம் ஏறினால் பொடி கட்டிதட்டிவிடும். தக்கை இறுகிய குப்பியில் அந்தத் தொல்லை இல்லை. சிங் வம்ச ஆட்சி (1644–1912) முழுவதும் இந்தக் கலை வளர்ந்தது. பேரரசர் காங்ஷி 1696-இல் அரண்மனைக்கென்று ஒரு கண்ணாடிப் பட்டறையை அமைத்தார். அதை நிறுவி நடத்தியவர் கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார். அரண்மனையில் தொடங்கிய பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதாரண மக்களிடமும் பரவியது. வம்சம் வீழ்ந்த பிறகு பொடி போடும் வழக்கம் தேய்ந்தது. குப்பி செய்வது மட்டும் சேகரிப்பவர்களுக்காகத் தொடர்ந்தது. பொடிக்காகச் செய்ததா, அலமாரிக்காகச் செய்ததா என்ற கேள்வியை ஒவ்வொரு குப்பியிடமும் கேட்கப் பழகுங்கள்.

படி 2: உறுப்புகளைப் பாருங்கள்

வாய், கழுத்து, தோள், உடல், அடி. மேலே மூடி, மூடியின் கீழே ஒரு சிறு வளையம், அதன் கீழே தக்கை, தக்கையில் செருகிய மெல்லிய கரண்டி. பொடியை எடுப்பது அந்தக் கரண்டியால்தான். கரண்டி தந்தத்திலோ எலும்பிலோ மூங்கிலிலோ வெள்ளியிலோ இருக்கும். மூடிகள் உடையும், தொலையும், மாற்றப்படும். இன்று பெரும்பாலான குப்பிகளின் தலையில் இருப்பது பின்னால் பொருத்திய மூடி. அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

படி 3: கையில் எடுக்கும் முறை

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கூடும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியாகச் சுற்றுக்கு விடுவார்கள். புதியவர்களுக்கு அந்த மேசையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். மேசையில் தடித்த துணி விரித்திருக்க வேண்டும். குப்பி எப்போதும் அந்தத் துணிக்கு மேலேயே இருக்கட்டும், துணிக்கு வெளியே நீட்டிப் பார்க்காதீர்கள். மூடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மூடி மட்டும் கையோடு வரும், குப்பி விழும். உடலைப் பிடித்து எடுங்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது கையிலிருந்து கைக்கு மாற்றாதீர்கள். துணியில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அவர் தானாக எடுத்துக்கொள்வார். 'நான் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்' என்ற பேச்சுக்கே அப்போது இடமிருக்காது.

எடுத்ததும் கண்ணை மூடி எடையை உணருங்கள். கல் குப்பிகளில் வேலைத்திறன் உள்ளே ஒளிந்திருக்கிறது. பட்டாணி அளவு வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, வளைத்து, தோள்களின் உட்புறம்வரை குடைய வேண்டும். அவசரக்காரர் நேராக ஒரு துளையைப் போட்டு நிறுத்திவிடுவார்; அந்தக் குப்பி உருவத்துக்குப் பொருந்தாமல் கனக்கும். தேர்ந்த கைவினைஞர் குடைந்த அகேட் கல் குப்பிகளில் சில, வாயை அடைத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கும் அளவுக்கு மெல்லியவை. (மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.) வாய்க்குள் சிறு டார்ச் ஒளியைச் செலுத்துங்கள், சுவரின் தடிமன் எங்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்பது தெரியும்.

பிறகு விரல். தோள்களைக் கட்டைவிரலால் தடவுங்கள். பல குப்பிகளில் அந்த இடத்தில் வளையம் கவ்விய விலங்கு முகம் செதுக்கியிருக்கும். அதன் விளிம்புகள் கூராக நிற்கின்றனவா, தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா என்பதைத் தோலே சொல்லும்.

படி 4: என்ன பொருள் என்று கண்டறிதல்

கண்ணாடி, பீங்கான், ஜேட், அகேட், ஸ்படிகம், பவளம், ஆம்பர், அரக்கு, எனாமல் பூசிய செம்பு, அச்சுக்குள் வளர்த்த சுரைக்காய் என்று எல்லாவற்றிலும் குப்பி உண்டு. சிக்கல் கண்ணாடியில்தான் தொடங்குகிறது. சீனக் கண்ணாடி வினைஞர்கள் எந்தக் கல்லையும் அப்படியே கண்ணாடியில் கொண்டுவந்துவிடுவார்கள். ரியல்கர் என்ற ஆரஞ்சு நிறக் கனிமம் ஆர்சனிக் கலந்த நஞ்சு. அதன் தோற்றத்தில் கண்ணாடிக் குப்பிகளைச் செய்தார்கள். இவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. என் ரசனையில், கல்லைவிட அந்தக் கண்ணாடிகளே மேல்.

கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: அகேட்டும் ஸ்படிகமும் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும், கண்ணாடி சீக்கிரம் கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக்குமிழிகள் தெரியலாம். ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறக் கண்ணாடியை ஏற்றி, மேலடுக்கைச் செதுக்கி உருவம் எடுத்த குப்பிகளில், உருவமும் தளமும் சந்திக்கும் ஓரத்தைக் கவனியுங்கள். சக்கரத்தால் வெட்டிய ஓரம் தெளிவாக நிற்கும், அச்சில் வார்த்தது உருகியதுபோல் வழிந்திருக்கும். கத்தியால் கீறிக் கடினம் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 5: உள்ளே தீட்டிய ஓவியம்

புதியவர்களை இழுப்பது பெரும்பாலும் இதுதான். இரும்புக் குண்டுகளையும் மணற்பொடியையும் நீரையும் குப்பிக்குள் போட்டுக் குலுக்கி, உட்சுவரைச் சொரசொரப்பாக்குவார்கள். அப்போதுதான் வண்ணம் பிடிக்கும். பிறகு நுனி வளைந்த மெல்லிய மூங்கில் பேனாவையோ தூரிகையையோ வாய் வழியாக விட்டுத் தீட்டுவார்கள். நாம் வெளியிலிருந்து பார்ப்பதால் எல்லாம் தலைகீழ் வரிசை: முகத்தின் கண்ணும் மீசையும் முதலில், பின்னணி கடைசியில். எழுத்துகளையும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுத வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோ லெயுவான் நிலக்காட்சிகளால் இந்தக் கலையை உயர்த்தினார். மா ஷாவ்ஷுவான் மனித முகங்களுக்கும் எழுத்தழகுக்கும் பெயர்பெற்றவர். யே ஜோங்சான் தன் மகன்களோடு சேர்ந்து தீட்டினார். அந்த மகன்களிடம் கற்ற வாங் ஷிசான், பின்னர் ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் நகரில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். இவர்களின் கையொப்பங்கள் ஏராளமாக நகலெடுக்கப்பட்டிருக்கின்றன. எனவே பெயரை விட்டுவிட்டுக் கோட்டைப் பாருங்கள்: மரக்கிளை ஒரே மூச்சில் இழுக்கப்பட்டிருக்கிறதா, தயங்கித் தயங்கி ஒட்டப்பட்டிருக்கிறதா?

உள்ளோவியக் குப்பிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது. வண்ணம் கரைந்துவிடும்.

படி 6: பழுதும் முத்திரையும்

வாய் விளிம்பு உடைந்த குப்பியின் கழுத்தை அரைத்துக் குட்டையாக்கி விற்பது பழைய வழக்கம். கழுத்து உடலுக்குப் பொருந்தாமல் குள்ளமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் பிசின் வைத்து அடைத்த இடங்கள் பல நேரங்களில் தனியாக ஒளிரும்.

அடியில் சியான்லோங் (1736–1795) ஆட்சி முத்திரை இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தப் பேரரசரின் பெயரைப் பிற்காலத்தவர்கள் மரியாதைக்காகவும் விற்பனைக்காகவும் தாராளமாகப் பொறித்தார்கள். முத்திரை கடைசிச் சான்றாக வரட்டும்.

படி 7: சட்டம்

தந்தம், கடலாமை ஓடு, ஹெல்மெட் இருவாச்சிப் பறவையின் அலகுமேல் இருக்கும் கொம்பு ஆகியவற்றில் செய்த குப்பிகளை எல்லை தாண்டி அனுப்பவும் விற்கவும் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. குப்பி கல்லாக இருந்தாலும் கரண்டி தந்தமாக இருக்கலாம். அதற்கும் சட்டம் பொருந்தக்கூடும். வாங்கும் முன் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

படி 8: முதல் குப்பி

அதற்கு முன் நிறையப் பார்த்திருக்க வேண்டும். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றின் தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1968-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சங்கம் இன்று சர்வதேசச் சீன மூக்குப்பொடிக் குப்பிச் சங்கமாக இயங்குகிறது; அதன் இதழ் படிக்கத் தகுந்தது.

முதல் குப்பியாக, ஒரே நிறத்தில், செதுக்கல் எதுவும் இல்லாத கண்ணாடிக் குப்பியைப் பரிந்துரைக்கிறேன். மறைக்க அலங்காரம் இல்லாததால் வடிவம், எடை, வாயின் மெருகு மூன்றும் அதில் அப்பட்டமாகத் தெரியும். விற்பவரிடம் கேளுங்கள்: கழுத்து அரைக்கப்பட்டதா, விரிசல் உண்டா, மூடி எப்போதையது, தவறாக இருந்தால் திரும்பப் பெறுவாரா? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மென்மையான உலர்ந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். உள்ளே பழைய பொடி ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். அது அந்தக் குப்பி புழக்கத்தில் இருந்ததற்குத் தடயம். நேர் வெயில் படாத இடத்தில், ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிக் குழிகள் உள்ள பெட்டியில் வையுங்கள். வாங்கிய நாள், இடம், விலை, விற்பவர் சொன்னது எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி அதே குழியில் போட்டுவிடுங்கள்.